ஐந்து நிமிடம் பழைய படம்

மே மாதத்தில் ஒக்லஹோமாவிலோ கன்சாஸிலோ நெடுஞ்சாலை ஓரத்துப் பெட்ரோல் பங்க் ஒன்றில் மதியம் இரண்டு மணிக்கு வண்டியை நிறுத்தினால், சாயங்காலம் வானம் எப்படி இருக்கப் போகிறது என்பதை அங்கே நிற்கிற கார்களே சொல்லிவிடும். ஆலங்கட்டி விழுந்து அம்மைத் தழும்பு போட்ட கூரைகள், விரிசல் விட்ட முன்கண்ணாடிகள், ஐந்தாறு மாநிலத்து நம்பர் பிளேட்டுகள். டேஷ்போர்டில் இரண்டு மூன்று போன்கள், பக்கத்து சீட்டில் ஒரு லேப்டாப். ஆட்கள் கையில் காபியோடு போனைப் பார்ப்பார்கள், நிமிர்ந்து மேற்கே பார்ப்பார்கள், மறுபடியும் போன். வானம் வெறும் நீலமாகத்தான் இருக்கும். அத்தனை பேரும் காத்துக் கிடப்பது இன்னும் பிறக்காத ஒரு மேகத்துக்காக.

இவர்கள் டொர்னேடோவைத் துரத்துகிறவர்கள். ஐம்பது வருடத்துக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இன்றைக்கு ஒரே மேகத்தின் பின்னால் நூற்றுக்கணக்கான வண்டிகள் வரிசை கட்டுகின்றன. இவ்வளவு பேருக்கும் திடீரென்று தைரியம் வந்துவிட்டதா என்றால், இல்லை. ரேடார் கைக்கு வந்துவிட்டது. கைக்கு வந்த அந்த ரேடாரை இவர்கள் எவ்வளவு நம்பலாம் என்பதில்தான் எனக்குக் கவலை.

முதலில் சொல்லில் ஒரு தெளிவு வேண்டும். நம் செய்திகளில் வங்கக் கடல் புயலும் சூறாவளிதான், அட்லாண்டிக்கின் ஹரிக்கேனும் சூறாவளிதான், டொர்னேடோவும் சூறாவளிதான். ஆனால் இவை ஒரே ஜாதி இல்லை. வங்கக் கடல் புயல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலம். நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். கரைக்கு வருமுன்பே அதற்குப் பேர் வைத்து, பாதையும் வரைந்துவிடுகிறோம். டொர்னேடோ ஒரு இடிமேகத்தின் அடிவயிற்றிலிருந்து தரைக்கு இறங்கும் காற்றுத் தூண். அகலம் பெரும்பாலும் சில நூறு மீட்டருக்குள் அடங்கும், ஆயுள் பல நேரம் பத்து நிமிடம்கூட இருக்காது. புயலை வீட்டிலிருந்தே எதிர்பார்க்கலாம். டொர்னேடோவைப் பார்க்க வேண்டுமென்றால் அது பிறக்கக்கூடிய மேகத்தைத் தேடித்தான் போக வேண்டும்.

அமெரிக்காவில் வருடத்துக்குச் சுமார் 1,200 டொர்னேடோக்கள் பதிவாகின்றன. வேறு எந்த நாடும் கிட்டே வராது. டெக்சாஸ், ஒக்லஹோமா, கன்சாஸ், நெப்ராஸ்கா சமவெளியில் வசந்த காலத்தில் மூன்று காற்றுகள் சந்திக்கின்றன. தெற்கே மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஈரமும் சூடுமான காற்று தரையை ஒட்டி வரும். மேற்கே பாலைவன மேட்டிலிருந்து காய்ந்த காற்று வரும். வெகு உயரத்தில் மேற்கிலிருந்து ஜெட் காற்று பாயும். காய்ந்த காற்றில் ஒரு படலம், உலைப்பானை மேல் வைத்த மூடி மாதிரி, ஈரக் காற்றை மேலே எழ விடாமல் அழுத்திப் பிடிக்கும். பகல் முழுக்கக் கீழே சூடு ஏறிக்கொண்டே இருக்கும். சாயங்காலம் நாலு ஐந்து மணிவாக்கில் மூடி ஒரு இடத்தில் பிய்த்துக்கொண்டால், அரை மணி நேரத்தில் பன்னிரண்டு பதினைந்து கிலோமீட்டர் உயரத்துக்கு மேகம் எழும்பி நிற்கும். பெட்ரோல் பங்கில் காத்திருந்தவர்கள் கிளம்புவது அப்போதுதான். மூடி திறக்காமலே பொழுது சாய்கிற நாட்களும் நிறைய உண்டு. எண்ணூறு கிலோமீட்டர் ஓட்டி வந்து நீல வானத்தைப் பார்த்துவிட்டு ஊர் திரும்புவார்கள்.

தரையில் தென்கிழக்கிலிருந்து வீசும் காற்று, உயரம் போகப் போகத் தென்மேற்காக, மேற்காகத் திரும்புவதால் நடுவில் உள்ள காற்று உருளை மாதிரி படுத்தவாக்கில் உருளும். மேகத்துக்குள் எழும்பும் காற்று அந்த உருளையை நிமிர்த்திவிட்டால் மேகமே சுழல ஆரம்பிக்கிறது. அதைத்தான் சூப்பர்செல் என்கிறார்கள். ஆனால் பெரும்பாலான சூப்பர்செல்கள் டொர்னேடோவைத் தருவதே இல்லை. பக்கத்துப் பக்கத்தில் ஒரே மாதிரி நிற்கும் இரண்டு மேகங்களில் ஒன்று மட்டும் தரையைத் தொடுவது ஏன் என்ற கேள்விக்கு இன்னும் முழுப் பதில் இல்லை. விஞ்ஞானிகள் துரத்தப் போனது இந்தக் கேள்வியோடுதான்.

துரத்துவதற்கு வானம் மட்டும் போதாது, ரோடும் வேண்டும். 1785இல் அமெரிக்க அரசு கொண்டுவந்த நில அளவைச் சட்டத்தின்படி, மேற்கே விரிந்த நிலத்தையெல்லாம் ஒரு மைலுக்கு ஒரு மைல் சதுரங்களாகப் பிரித்தார்கள். அந்தக் கோடுகள் மேலேயே பிற்பாடு ரோடுகள் வந்தன. விமானத்திலிருந்து பார்த்தால் கன்சாஸ் ஒரு கணக்கு நோட்டுத் தாள் மாதிரி இருக்கும். மேகம் பொதுவாக வடகிழக்கே நகரும். நீங்கள் கிழக்கே ஒரு கட்டம், வடக்கே ஒரு கட்டம் என்று படி ஏறுவது போல அதன் கூடவே போகலாம். மரம் கிடையாது, மலை கிடையாது, முப்பது கிலோமீட்டர் தள்ளியே மேகத்தின் அடிப்பாகம் தெரியும். ஒரே ஆபத்து, அந்தக் கட்டங்களில் பாதி மண் ரோடு. மழை விழுந்ததும் ஒக்லஹோமாவின் செம்மண் களியாகி டயரைக் கவ்விக்கொள்ளும். பின்னால் வருவது எதுவாக இருந்தாலும் வண்டி நகராது.

இதே வானம் வங்கதேசத்துக்கும் உண்டு. 1989 ஏப்ரல் 26 அன்று தவுலத்பூர், சாட்டூரியா பகுதியில் ஒரே டொர்னேடோ சுமார் 1,300 பேரைக் கொன்றது. உலகில் பதிவானவற்றில் அதிக உயிர் குடித்தது அதுதான். அங்கே துரத்துகிறவர்கள் யாரும் இல்லை. சொந்தக் கார், காலியான நேர் ரோடு, அடர்த்தியான ரேடார் வலை, இன்சூரன்ஸ் எல்லாம் இருக்கிற ஊரில்தான் இது பொழுதுபோக்காக முடிகிறது.

ஆரம்பத்தில் இது பொழுதுபோக்காகவும் ஆராய்ச்சியாகவும் சேர்ந்தே வளர்ந்தது. வடக்கு டகோட்டாவின் பிஸ்மார்க் நகரத்துப் பையன் டேவிட் ஹோட்லி 1956இல் அப்பாவின் காரை எடுத்துக்கொண்டு இடிமேகங்களைப் பார்க்கக் கிளம்பினார். 1977இல் தன்னைப் போன்றவர்களுக்காக ஒரு சிறு பத்திரிகை தொடங்கியவரும் அவர்தான். 1972இல் ஒக்லஹோமாவின் நார்மன் நகரில், தேசிய கடும்புயல் ஆய்வகமும் பல்கலைக்கழகமும் சேர்ந்து மாணவர்களைக் கேமராவோடு அனுப்பத் தொடங்கின. அடுத்த வருடமே பலன் கிடைத்தது. 1973 மே 24 அன்று யூனியன் சிட்டி என்ற சின்ன ஊரைத் தாக்கிய டொர்னேடோவை, பிறந்ததிலிருந்து மறைந்தது வரை இவர்கள் படம் எடுத்துவிட்டார்கள். அதே நேரத்தில், காற்று எந்தப் பக்கம் பாய்கிறது என்றும் காட்டக்கூடிய நார்மனின் டாப்ளர் ரேடாரும் அந்த மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிற்பாடு இரண்டையும் நேரம் வைத்துப் பொருத்திப் பார்த்தார்கள். ஒரு சின்னப் புள்ளியில் காற்று ஒருபக்கம் ரேடாரை நோக்கியும், ஒட்டியே மறுபக்கம் ரேடாரை விட்டு விலகியும் பாய்ந்த தடயம், டொர்னேடோ தரையைத் தொடுவதற்கு வெகு முன்பே மேகத்துக்குள் பதிவாகியிருந்தது. 1990களில் நாடு முழுக்க நிறுவிய டாப்ளர் ரேடார் வலைக்கு இது முக்கியமான ஆதாரங்களில் ஒன்று. கீழே நின்று நேரம் குறித்துப் படம் எடுத்தவர்கள் இல்லாவிட்டால் அந்தப் புள்ளிக்கு அர்த்தமே தெரிந்திருக்காது.

அப்புறம் டொர்னேடோவின் வழியில் கருவி வைக்கும் முயற்சிகள் வந்தன. 1980களில் டோட்டோ என்ற பெரிய பீப்பாய் ஒன்றைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். நூறு கிலோவுக்கு மேல் எடை. ஒரு வலுவான டொர்னேடோவின் நடுவழியில் அதை ஒருமுறைகூட வைக்க முடியவில்லை. அதைச் சாதித்தவர் டிம் சமாராஸ். கல்லூரிப் பட்டம் இல்லாத பொறியாளர். தானே வடிவமைத்த, தரையோடு படிந்து கிடக்கும் தட்டையான கூம்பு ஒன்றை, 2003 ஜூன் 24 அன்று தெற்கு டகோட்டாவின் மான்செஸ்டர் கிராமத்துக்குப் பக்கத்தில் ரோட்டோரம் வைத்துவிட்டு விலகினார். டொர்னேடோ அதன் மேலேயே ஏறிப் போனது. காற்றழுத்தம் 100 மில்லிபார் சரிந்தது. தரையில் நிற்கும் ஒருவரை ஒரு நிமிடத்துக்குள் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் உயரத்துக்குத் தூக்கினால் எவ்வளவு அழுத்தம் குறையுமோ அவ்வளவு. மான்செஸ்டர் கிராமம் அன்றைக்கு அழிந்தது. மறுபடி அங்கே ஊர் எழவில்லை. அந்த எண்ணைப் படிக்கும்போதெல்லாம் அந்த ஊரும் கூடவே நினைவுக்கு வருவதுதான் சரி என்று எனக்குத் தோன்றும்.

கூட்டம் எப்போது சேர்ந்தது? 1996இல் வந்த ட்விஸ்டர் படம் முதல் அலை. அதில் வரும் கருவி, டோட்டோவைப் பார்த்து எழுதியதுதான். 1990களிலேயே சில ஆயிரம் டாலர் வாங்கிக்கொண்டு வேனில் கூட்டிப் போகும் சுற்றுலா நிறுவனங்கள் வந்துவிட்டன. 2007இலிருந்து சில வருடம் டிஸ்கவரி சேனலில் இவர்களைப் பற்றியே ஒரு தொடர் ஓடியது. ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் ஸ்மார்ட்போன். அதற்கு முன்னால், காலையில் வரைபடங்களைப் பார்த்து ஒரு ஊகத்தோடு கிளம்பி, வழியில் பொதுத் தொலைபேசியில் வீட்டிலிருக்கும் நண்பரைக் கூப்பிட்டு "ரேடாரில் என்ன தெரிகிறது?" என்று கேட்க வேண்டும். மேகத்தைப் படிக்கத் தெரியாதவருக்கு அங்கே வேலை இல்லை. இப்போது போனைத் திறந்தால் ரேடார் படம், அதன் மேல் நீங்கள் நிற்கும் இடம் ஒரு புள்ளியாக, சுற்றிலும் மற்ற வண்டிகளும் புள்ளிகளாக. மேகத்தின் ஓரத்தில் சுழற்சியைக் காட்டும் கொக்கி வடிவம் தெரிந்தால் அங்கே போ என்று படமே சொல்கிறது. கேமராவைக் கண்ணாடியில் ஒட்டினால் நேரலை. பார்க்கிறவர்கள் லட்சக்கணக்கில் வருகிறார்கள், பணமும் வருகிறது. 2024இல் ட்விஸ்டர்ஸ் வெளியானபோது, யூடியூபில் நேரலை விடும் துரத்திதான் அதில் ஒரு கதாநாயகன்.

சரி, அந்த ரேடார் படம் எப்படி வருகிறது? ரேடார் ஒரு சாய்வில் ஒரு சுற்று சுற்றும். சாய்வைக் கொஞ்சம் உயர்த்தி இன்னொரு சுற்று. இப்படி முழு வானத்தையும் பார்த்து முடிக்க நாலைந்து நிமிடம் ஆகும். அடிமட்டச் சுற்றை மட்டும் இடையிடையே கூடுதலாக எடுக்கும் வசதி பிற்பாடு வந்தது. எடுத்த படம் போனுக்கு வந்து சேர இன்னும் கொஞ்ச நேரம். ஆக, நீங்கள் பார்ப்பது இப்போதைய மேகம் இல்லை. பல சமயம் சில நிமிடம் பழைய மேகம். இன்னொரு விஷயம், பூமி உருண்டை. ரேடாரிலிருந்து 100 கிலோமீட்டர் தள்ளிப் போனால், அதன் அடிமட்டக் கற்றையே தரைக்கு ஒன்றரை கிலோமீட்டர் மேலே போகிறது. அதற்குக் கீழே நடப்பது ரேடாருக்குத் தெரியாது. எச்சரிக்கைகளில் பத்துக்கு ஏழு போல டொர்னேடோ வராமலே போவதற்கும் இது ஒரு காரணம். தரையில் ஒரு ஜோடிக் கண் தேவைப்படுவது இதனால்தான். அமெரிக்க வானிலைச் சேவை, ஸ்கைவார்ன் என்ற திட்டத்தில் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்களுக்குப் பயிற்சி கொடுத்து வைத்திருக்கிறது. எச்சரிக்கையிலேயே 'ரேடாரில் தெரிகிறது', 'கண்ணால் பார்த்தது' என்று பிரித்துச் சொல்கிறார்கள். இரண்டாவதைக் கேட்டால்தான் நிலவறைக்கு ஓடுகிற குடும்பங்கள் நிறைய.

ஆகத் துரத்துகிறவரின் மதிப்பு, ரேடாரால் பார்க்க முடியாததைப் பார்ப்பதில் இருக்கிறது. போனில் தெரியும் படத்தை நம்பி அதற்குள் போகிறவர், எந்தக் குறையை நிரப்ப வேண்டியவரோ அதே குறையில் விழுகிறார்.

2013 மே 31இல் எல் ரினோவில் நடந்ததைச் சொன்னால் இது புரியும். ஒக்லஹோமா சிட்டிக்கு மேற்கே நாற்பது கிலோமீட்டர் போலத் தூரத்தில் உள்ள ஊர். பதினோரு நாள் முன்னால்தான் பக்கத்து மூர் நகரில் 24 பேர் இறந்திருந்தார்கள். ஊர் முழுக்கப் பயம். சாயங்காலம் ஆறு மணிக்குக் கொஞ்சம் பின்னால் டொர்னேடோ தரையைத் தொட்டது. துரத்துகிறவர்களின் பாலபாடம்: மேகம் வடகிழக்கே போகும், நீ தென்கிழக்கே நில். அன்றைக்கு அது தென்கிழக்கே வந்தது. அப்புறம் கிழக்கே திரும்பி, பிறகு வடகிழக்கே வளைந்து வேகமெடுத்தது. இதற்கிடையில் சில நிமிடங்களில் வீங்கி 4.2 கிலோமீட்டர் அகலமானது. பதிவானவற்றில் இதைவிட அகலமானது இல்லை. சுற்றிலும் மழை போர்த்தியிருந்ததால் பலருக்கு விளிம்பு எங்கே என்றே தெரியவில்லை. உள்ளே சின்னச் சின்னச் சுழல்கள் பெரிய சுழலைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தன. அப்படிப்பட்ட ஒன்றில்தான் வெள்ளை நிறச் சின்னக் கார் ஒன்று சிக்கியது. உள்ளே இருந்தவர்கள் டிம் சமாராஸ், அவர் மகன் பால், கூட்டாளி கார்ல் யங். டிம் கவனத்துக்குப் பேர்போன மனிதர். சக துரத்திகள் பாதுகாப்புக்கு உதாரணமாகக் காட்டியவர். இன்னொரு உள்ளூர்த் துரத்தியும் அன்றைக்கு இறந்தார். ஒரு தொலைக்காட்சிக் குழுவின் வண்டி வயலில் தூக்கி எறியப்பட்டது. உள்ளே இருந்தவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். டொர்னேடோ நேரடியாகத் துரத்துகிறவர்களைக் கொன்றது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு நடந்த ஒன்றை மறக்க முடியாது. துரத்துகிறவர்கள் தங்கள் இருப்பிடத்தைக் காட்டும் அந்த வரைபடத்தில், ஒவ்வொருவரும் தன் புள்ளியை நகர்த்தி, சமவெளி மாநிலங்களின் மேல் இறந்த மூவரின் பெயர் முதலெழுத்துகளை எழுதினார்கள்.

அன்று மாலை ரோடுகளும் அடைத்துக்கொண்டன. மூரில் நடந்ததை நினைத்து, வண்டியில் தெற்கே போய்விடுங்கள் என்று ஒரு தொலைக்காட்சியில் சொன்னதைக் கேட்டு ஆயிரக்கணக்கானவர்கள் வீட்டை விட்டுக் கிளம்பி நெடுஞ்சாலையில் மாட்டிக்கொண்டார்கள். துரத்துகிறவர்களின் வண்டிகளும் அதே ரோட்டில். இரண்டு வழிக் கிராமத்து ரோட்டில் முப்பது வண்டி ஓரம் கட்டாமல் நின்று படம் எடுத்தால், ஆம்புலன்ஸ் எப்படிப் போகும்? உள்ளூர் ஷெரிப்கள் வருடா வருடம் சொல்லும் புகார் இது. நியாயமான புகார்.

எல் ரினோவை விட்டுவிட்டுப் பார்த்தால், துரத்துகிறவர்களை அதிகம் கொல்வது காற்று இல்லை, ரோடுதான். 2017 மார்ச்சில் டெக்சாஸின் ஸ்பர் ஊருக்குப் பக்கத்தில், ஒரு வண்டி நிறுத்தக் குறியைக் கவனிக்காமல் பாய்ந்து இன்னொரு துரத்தியின் வண்டி மேல் மோதியது. மூன்று பேர் இறந்தார்கள். 2022 ஏப்ரலில் கன்சாஸில் டொர்னேடோ பார்த்துவிட்டு இரவில் திரும்பிய ஒக்லஹோமா பல்கலைக்கழக வானிலை மாணவர்கள் மூன்று பேர், நனைந்த நெடுஞ்சாலையில் வண்டி வழுக்கி லாரியில் அடிபட்டு இறந்தார்கள். வானிலை படிக்க வந்த பிள்ளைகள். ஒரு நாளைக்கு எண்ணூறு, ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுவது, ஒரு கண் வானத்திலும் ஒரு கண் போனிலும் வைத்து ஓட்டுவது, பிறகு தூக்கத்தோடு திரும்புவது. நேரலையில் இதெல்லாம் தெரிவதில்லை.

ஒக்லஹோமா சட்டமன்றத்தில், பல்கலைக்கழகம், தொலைக்காட்சி சார்ந்த துரத்திகளுக்கு உரிமம் தந்து அவசர வண்டி மாதிரியான சலுகைகள் கொடுக்கும் மசோதா ஒன்று கொண்டுவரப்பட்டது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பொது ரோட்டில் யார் நிற்கலாம் என்று பிரிப்பதைவிட, ரோட்டை மறித்து நிற்கிற வண்டிக்கு அபராதம் போடுவது சுலபம். அதற்குப் புதுச் சட்டமும் வேண்டாம்.

என் வருத்தம் வேறு இடத்தில். கூட்டம் போவது நன்றாகத் தெரிகிற இடத்துக்கு. தேவை அதிகம் இருக்கிற இடத்துக்கு இல்லை. சமீப பத்தாண்டுகளில் டொர்னேடோ நிகழ்வுகள் சமவெளியில் குறைந்து, மிசிசிப்பி, அலபாமா, டென்னசி பக்கம் கூடி வருவதை ஆய்வுகள் காட்டுகின்றன. அங்கே மரம், மேடு பள்ளம், வளைந்த ரோடு. இரவில் வருவதும் அதிகம், லேசான நடமாடும் வீடுகளில் வாழும் ஏழைகளும் அதிகம். 2021 டிசம்பர் 10 இரவு கென்டக்கியின் மேபீல்டு நகரைச் சிதைத்த டொர்னேடோவில் 57 பேர் இறந்தார்கள். அந்த இருட்டில், அந்தக் காட்டு ரோட்டில், சொல்லத் தெரிந்த ஒரு ஜோடிக் கண் கன்சாஸ் சமவெளியில் வரிசை கட்டும் நூறு வண்டியைவிடப் பெரிது.

ஆனால் கூட்டத்தால் நன்மையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. எல் ரினோவுக்குப் பிறகு, சமாராஸோடு வேலை செய்த ஆன்டன் செய்மன் அன்று அங்கிருந்த துரத்திகளிடம் வீடியோக்களைக் கேட்டு வாங்கினார். எந்த வீடியோ எந்த நொடி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பல படங்களில் பதிவாகியிருந்த மின்னல்களை வைத்து. ஒரே மின்னல் எல்லாருடைய படத்திலும் ஒரே கணத்தில்தானே அடிக்கும். அப்படிக் கோத்தெடுத்த படங்களை நடமாடும் ரேடாரின் பதிவோடு வைத்துப் பார்த்த வானிலை ஆய்வாளர் ஜானா ஹவுசர், 2018இல் ஒரு முடிவைச் சொன்னார்: ரேடார் சுழலைக் காண்பதற்கு முன்பே டொர்னேடோ தரையில் இருந்திருக்கிறது. மேகத்திலிருந்து கீழே இறங்கி வருகிறது என்று நெடுநாள் நினைத்திருந்தது, தரையை ஒட்டித் தொடங்கியிருக்கலாம். ரேடார் காட்டாததை ரோட்டோரம் நின்ற யாரோ ஒருவரின் கேமரா காட்டியிருக்கிறது.

வானிலை அலுவலகத்துக்கு வேண்டியதும் அவ்வளவுதான். ஸ்கைவார்ன் பயிற்சியில் சொல்லித்தருவது நாலு வரி: என்ன பார்த்தாய், எத்தனை மணிக்கு, நீ நிற்கும் இடத்திலிருந்து எந்தத் திசையில் எவ்வளவு தூரம், அது எந்தப் பக்கம் போகிறது. அரை நிமிடத்தில் சொல்லி முடிக்கலாம். ஓரம் கட்டி, ஹேண்ட்பிரேக் போட்டு, தப்பி ஓட ஒரு ரோடு காலியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு.